அத்தாவின் நோட்டில் ஒரு சொல்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தின நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சொல்லும் பொருளும்'. தமிழாசிரியர் பேசவேண்டிய தலைப்பு. நானோ பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமா முடித்துவிட்டு மசாலா வியாபாரம் பார்க்கிறவன். செயலாளர் அவர்களிடம் இதைச் சொன்னேன். "உனக்குத்தான் இந்தத் தலைப்பில் ஒரு கணக்கு பாக்கி இருக்கே" என்றார். உண்மைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரமலானில், இதே மேடையில் நான் ஒரு தவறான செய்தியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இன்றைக்கு நிற்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லைச் சொல்கிறேன். 'வெள்ளி'. ஊரில் வெள்ளி என்றால் கொலுசு செய்கிற உலோகம், இல்லாவிட்டால் ஜும்ஆ நாள். இங்கே நாம் ரிங்கிட்டையும் வெள்ளி என்கிறோம். எங்கள் கடைக்கு ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பியிடம், வந்த முதல் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர், "மூணு வெள்ளி பாக்கி, அப்புறம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தம்பி நாள்காட்டியைப் பார்த்து மூன்று வெள்ளிக்கிழமைகளை எண்ணி, அந்தத் தேதியில் வட்டம் போட்டு வைத்திருந்தான். அன்றைக்கு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே மாதிரி நானும் ஒரு சொல்லில் விழுந்து கிடக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சொல் 'உண்டியல்'.

எங்கள் அத்தா மௌத்தாகி நாலு வருஷம் ஆகிறது. கடையின் மேல்மாடத்தைச் சுத்தம் செய்தபோது சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடைத்தது. 1979 முதல் 1989 வரையிலான கணக்கு. அத்தாவின் கையெழுத்து பொடிப்பொடியாக இருக்கும். மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம் என்று சரக்குக் கணக்குக்கு நடுவில் அங்கங்கே 'உண்டியல்' என்று ஒரு வரி வந்தது. 'நா. உண்டியல் 150.' 'அ. உண்டியல் 200.' இப்படி மொத்தம் 43 வரிகள். கூட்டிப் பார்த்தேன், 9,460 வெள்ளி.

எனக்கு உண்டியல் என்றால் பள்ளிவாசல் வாசலில் இருக்கும் பெட்டி. சின்ன வயதில் சில்லறை சேர்த்த மண் உண்டியல். வேறு பொருள் எனக்குத் தெரியாது. முன்னால் இருந்த எழுத்துகள் எந்தப் பள்ளி, எந்தத் தர்கா என்பதற்கான குறிப்பு என்று நினைத்தேன். 'நா' என்றால் நாகூர். நம்முடைய சூலியா ஸ்திரீட்டிலேயே நாகூர் தர்கா இருக்கிறதே! எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது.

அந்த ரமலானில் இஃப்தார் நிகழ்ச்சியில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கள் அத்தா பதினோரு வருஷத்தில் 43 தடவை, மொத்தம் 9,460 வெள்ளி, யாருக்கும் தெரியாமல் உண்டியலில் போட்டிருக்கிறார்" என்று சொன்னேன். நீங்கள் எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றீர்கள். பெண்கள் பகுதியில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தராவீஹ் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதைப் பேச அனுமதி கொடுத்தார். மாமா என்று சொல்லிக்கொள்கிறேன்.

"தம்பி, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டு."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்குக் கம்பத்தடியில் நின்று பத்து நிமிஷம் புரட்டினார். பிறகு கேட்டார்: "இதெல்லாம் எந்தப் பக்கத்தில எழுதியிருக்கு, பார்த்தியா?"

பார்த்தேன். வரவுப் பக்கம்.

"உண்டியல்ல காசு போட்டா வரவுலயா எழுதுவாங்க? பற்றுலதானே எழுதுவாங்க? இது போட்ட உண்டியல் இல்லப்பா. அனுப்பின உண்டியல்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மாமா அங்கேயே படியில் உட்கார்ந்து சொன்னார். அந்தக் காலத்தில் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை பார்த்த ஊர்க்காரர்கள், சம்பளம் கிடைத்ததும் அத்தாவிடம் வந்து பணத்தைக் கொடுப்பார்கள். அத்தா ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தன் தாய்மாமனுக்குக் கடிதம் போடுவார். 'இன்னார் வீட்டில் இத்தனை ரூபாய் கொடுக்கவும்.' அவர் தன் கல்லாவிலிருந்து எடுத்து அந்த வீட்டில் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று பதில் எழுதுவார். பதில் வந்ததும் அத்தா அந்த வரிக்கு நேராக ஒரு சுழி போடுவார். தாய்மாமனுக்குத் தரவேண்டியதை, ஊருக்குப் போகிறவர்கள் கையில் சேலையாகவும் கோடாலித் தைலமாகவும் கொடுத்தனுப்பி நேர் செய்வார். பணம் கடலைத் தாண்டவே இல்லை. வாக்கு மட்டும்தான் தாண்டியது. இதற்காக அத்தா ஒரு காசு கமிஷன் எடுத்ததில்லை என்று மாமா சொன்னார். அதை நான் சொன்னால் பெருமை, அவர் சொன்னால் சாட்சி. அதனால் அவர் பெயரிலேயே சொல்கிறேன்.

இதற்குப் பிறகுதான் எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் 'உண்டி' என்றால் உணவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெட்டி காசைத் தின்கிறது, அதனால்தான் உண்டியல் என்று சின்ன வயதில் நானாக முடிவு செய்திருந்தேன். அது அப்படி இல்லை. வடநாட்டு வணிகர்களின் 'ஹுண்டி' என்ற சொல்தான் தமிழில் உண்டி, உண்டியல் ஆனது. அது ஒரு சீட்டு. இங்கே பினாங்கு ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன அல்லவா, அங்கே பணத்தைக் கட்டினால் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். அதைத் தபாலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினால், அங்கே அவர்களுடைய ஆள் அதைப் பார்த்துப் பணம் கொடுப்பார். சீட்டைக் கண்டவுடன் கொடுக்கவேண்டிய உண்டியல் உண்டு, தவணை முடிந்த பிறகு கொடுக்கவேண்டிய உண்டியலும் உண்டு. வெள்ளைக்காரன் இந்தியாவில் 1881-ல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் போட்டபோது, கீழைநாட்டு மொழிகளில் எழுதும் இப்படிப்பட்ட சீட்டுகளின் உள்ளூர் வழக்கத்தில் கைவைக்கவில்லை என்று முதல் பிரிவிலேயே சொல்லியிருக்கிறான். அவ்வளவு கௌரவமான சொல் அது.

அதே சொல்லை இன்றைக்குக் கொழும்பில் சொல்லிப் பாருங்கள். உண்டியல் என்றால் வங்கிக்கு வெளியே பணம் அனுப்புவது. மத்திய வங்கி எச்சரிக்கிற விஷயம். நம் நாட்டிலும் 2011-ல் வந்த பணச் சேவைத் தொழில் சட்டத்துக்குப் பிறகு, பேங்க் நெகாராவின் உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. இன்றைக்கு நான் அத்தா செய்ததைச் செய்தால் என்னைப் பார்க்க நீங்கள் வேறு இடத்துக்கு வரவேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலோ தெருவில் தகர டப்பாவைக் குலுக்கி நன்கொடை வாங்கினாலும் 'உண்டியல் குலுக்குகிறார்கள்' என்கிறார்கள். கௌரவமான சீட்டு, குற்றம், தர்மம், பிள்ளைகளின் சேமிப்பு. சொல் ஒன்றுதான்.

ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டபோது இன்னொன்று சொன்னார்கள். பத்திரிகையில் 'ஹவாலா' என்று படித்தால் நாம் கள்ளப்பணம் என்றுதான் நினைக்கிறோம். ஃபிக்ஹு கிதாபுகளில் அது முறையான ஒரு பாடம். ஒருவர் மேல் இருக்கும் கடனை இன்னொருவர் பொறுப்புக்கு மாற்றுவது. சவூதியில் வேலை பார்க்கும் என் மச்சானுக்கு அங்குள்ள வங்கியிலிருந்தே 'ஹவாலா' என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. முதல் தடவை பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். அரபியில் அது சாதாரணப் பணமாற்றத்துக்கான சொல்.

நம் மலாய்ச் சகோதரர்களின் 'தாபோங்' என்ற சொல்லையும் பாருங்கள். மூங்கில் குழாய்க்கும் அதுதான் பெயர். பிள்ளைகள் காசு சேர்க்கும் டப்பாவும் தாபோங், பள்ளிவாசல் பெட்டியும் தாபோங். ஹஜ்ஜுக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் வட்டியில் சிக்காமல் சேமிக்க ஒரு வழி வேண்டும் என்று 1959-ல் உங்கு அஸீஸ் அவர்கள் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த பெரிய நிறுவனமும் தாபோங் ஹாஜிதான். 'கூட்டு' என்று ஒரு சொல்; சமையலறையில் அது பூசணிக்காய், கடையில் பங்குதாரர், இங்கே 1971-ல் சட்டம் போட்டுத் தடைசெய்த சீட்டு. போதும், தலைப்புக்கு மரியாதை செய்தாகிவிட்டது. நோட்டுக்கு வருகிறேன்.

பொருள் மாறினால் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். நான் நினைத்த பொருளில் அந்த 43 வரிகளும் அத்தா செய்து முடித்த ஸதகா. மாமா சொன்ன பொருளில் அவை அத்தாவிடம் இருந்த அமானத். ஸதகா என்றால் நோட்டை மூடிவிட்டு துஆ செய்யலாம். அமானத் என்றால் ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சுழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பார்த்தேன். நாற்பதுக்குச் சுழி இருந்தது. மூன்றுக்கு இல்லை. 150, 400, 85. மூன்றும் 1988-ஆம் ஆண்டு. ஆக 635 வெள்ளி.

கடனைத் தீர்த்த பிறகுதான் சொத்தைப் பங்கு வைக்கவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாங்களோ கடையையும் வீட்டையும் பங்கு வைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மையத்தை வைத்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: "எங்கள் அத்தா யாருக்காவது கடன் தரவேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு." யாரும் வரவில்லை. வரவில்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டோம். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். முந்தின நாள் அழுதவர்கள் அன்றைக்கு அழவில்லை. "1988-லதான் உங்க அத்தாவோட மாமாவுக்குக் கை கால் விழுந்துச்சு. கடிதாசி வர்றது நின்னு போச்சு. அதுக்கு முன்னாடின்னா சிதம்பரம் கப்பல்ல வர்றவங்க யாராவது விஷயம் கொண்டு வருவாங்க" என்றார்கள். அந்தக் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு பயணிகள் போக்குவரத்து முடிந்துவிட்டது. பிறகு ஊருக்குப் போவதென்றால் விமானம். எத்தனை பேரால் முடியும்? ஆக, பணம் போய்ச் சேர்ந்ததா என்று அத்தாவுக்கே தெரியாமல் போயிருக்கலாம்.

முதலில் 150. 'நா. உண்டியல்.' நான் நாகூர் என்று முடிவு கட்டிய அதே வரி. மாமா கேட்டுச் சிரித்துவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து அது. அவர் மகன் பட்டர்வொர்த்தில் இருக்கிறார். நோட்டோடு போய் உட்கார்ந்தேன். அவர் ஊரிலிருக்கும் தன் லாத்தாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "வந்துச்சே! அந்தக் காசுலதான் எங்க பாட்டி தையல் மிஷின் வாங்குனாங்க. மிஷின் இன்னும் வீட்டுல இருக்கு." கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து நிற்கவேண்டும் போல இருந்தது. அங்கேயே பேனாவை எடுத்துச் சுழி போட்டேன்.

இரண்டாவது 400. அன்றைக்கு அது பெரிய தொகை. ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய ஐந்து ரூபாய் கிடைத்த காலம். இதைப் பற்றி மாமாவிடம் கேட்டபோது அவர் பேச்சை மாற்றினார். தேநீர் சொன்னார். மழை வரும் போல இருக்கிறது என்றார். நான் விடாமல் கேட்டேன்.

"அது நான் கொடுத்ததுதான் தம்பி. எங்க உம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு."

"போய்ச் சேர்ந்துச்சா மாமா?"

"சேரல. ரெண்டு மாசம் பார்த்துட்டு, கைமாத்து வாங்கி வேற ஆள் மூலமா அனுப்பினேன். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுச்சு."

"அத்தாகிட்டக் கேட்கலையா?"

"கேட்கத்தான் போனேன். அன்னைக்குக் கடையில மிளகாய் மூட்டையெல்லாம் மழையில நனைஞ்சு, பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. உங்க அத்தா வாசல்ல உட்கார்ந்து ஒவ்வொரு மிளகாயா பிரிச்சுக்கிட்டு இருந்தாரு. நானும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பிரிச்சுட்டு வந்துட்டேன். பிறகு கேட்கல. நாலு வருஷம் கழிச்சு நான் கடை வைக்கிறப்போ ஜாமீன் போட்டது உங்க அத்தாதான். நான் எப்பவோ மனசுல ஹலாலாக்கிட்டேன்."

அத்தாவின் ஜனாஸா அன்று மாமா இரண்டாவது ஸஃப்பில் நின்றார். அண்ணன் கேட்டது அவர் காதில் விழுந்தது. வாய் திறக்கவில்லை. ஹலால் என்ற சொல்லை நாம் இன்றைக்கு உணவகக் கதவில் ஒட்டியிருக்கும் முத்திரையாகத்தான் அதிகம் பார்க்கிறோம். கடனை மனமொப்பி விட்டுக்கொடுப்பதற்கும் அந்தச் சொல் இருக்கிறது என்பது அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

மாமா வாங்க மறுத்தார். அம்மா விடவில்லை. "அவர் ஹலாலாக்கினது அவரோட பெரிய மனசு. கொடுக்கிறது நம்ம கடமை. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பாதே" என்றார்கள். அண்ணன், நான், தங்கை மூவரும் அவரவர் வாங்கிய பங்கின்படி பிரித்துப் போட்டு 400 வெள்ளியை உறையில் வைத்துக் கொண்டுபோனோம். வாங்கிக்கொண்டார், எங்கள் எதிரிலேயே எண்ணினார். வியாபாரி அல்லவா! பிறகு உறையோடு நம் சங்கத்தின் கல்வி நிதியில் சேர்த்துவிட்டார். பொருளாளர் அவர்கள் கொடுத்த ரசீதில் 'பெயர் வெளியிட விரும்பாதவர்' என்று இருக்கிறது. மன்னிக்கவும் மாமா, இதைச் சொல்லக்கூடாது என்று நீங்கள் நிபந்தனை போடவில்லை.

மூன்றாவது 85 வெள்ளி. இதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: 1988 ஆகஸ்ட். 'க. உண்டியல் 85.' அதன் கீழே சின்னதாக 'மகளுக்கு' என்று ஒரு சொல். ஊர்ப் பெயர்கூட இல்லை. மாமாவுக்கும் ஞாபகம் இல்லை. ஊரிலிருக்கும் அத்தாவின் தாய்மாமன் வீட்டில் கேட்டேன். பழைய கடிதங்கள் எல்லாம் கறையான் தின்றுவிட்டன. ராமநாதபுரத்துப் பக்கம் ஏழெட்டு ஜமாஅத்துகளுக்குச் சொல்லி விட்டிருக்கிறேன். 'மகளுக்கு' என்பது படிப்புக்கா, கல்யாணத்துக்கா, காதில் போடுகிற தோட்டுக்கா? 85 வெள்ளி என்ற கணக்கைப் பார்த்தால், நூறாக்க முடியாமல் கையில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

ஹஜ்ரத் அவர்களிடம் என்ன செய்வதென்று கேட்டேன். தேடவேண்டும், நாலு பேர் கூடும் இடத்தில் அறிவிக்கவேண்டும். நியாயமாகத் தேடியும் ஆள் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் நிய்யத் வைத்து ஸதகா செய்துவிடலாம். பிறகு என்றைக்காவது உரியவர் வந்தால் கொடுப்பதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்றார்கள்.

அதனால்தான் இந்த மேடையில் அறிவிக்கிறேன். இந்த உரையை மலரில் போடப்போகிறார்கள் என்று செயலாளர் அவர்கள் சொன்னார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் அத்தாவோ, வாப்பாவோ, பெரியத்தாவோ 1988-ல் ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன மசாலாக் கடையில் மகளுக்காக 85 வெள்ளி கொடுத்ததாகச் சொன்னது யாருக்காவது ஞாபகம் இருந்தால், கடைக்கு வாருங்கள். அத்தாட்சி வேண்டாம், ஞாபகம் போதும். பசியாறிக்கொண்டே பேசலாம்.

வருகிற ரமலான் முடியும் வரை காத்திருப்பேன். யாரும் வரவில்லை என்றால் அந்த 85 வெள்ளியைப் பள்ளிவாசல் பெட்டியில் போடுவேன். போட்டுவிட்டு வந்து அத்தாவின் நோட்டில் எழுதுவேன், இந்தத் தடவை பற்றுப் பக்கத்தில்: 'க.வுக்காக, உண்டியல் 85.'

அத்தாவுக்காகவும் அந்த மனிதருக்காகவும் துஆ செய்யுங்கள். அஸ்ஸலாமு அலைக்கும்.